ஸர் தாமஸ் மன்றோ

நாட்டை ஆண்டோருள் கொடுத்துப் புகழ் கொண்டோர் பலர். குடிகளிடம் வாங்கிப் புகழ் கொண்டோர் மிகச் சிலர். முதிரமலைக் குமணனது பெயரைத் தாங்கிய ஊரிலிருந்து எழுதும் நாம், ஆள்வோரை அளக்கப் புகுங்கால் கொடையையே கோலாகக் கொள்ளுதல் இயல்பேயாம். எனினும், இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்ட பெரியார் கொடையாளர் அல்லர். தம் வாழ்நாளிற் பெரும்பகுதியை நிலவரி தண்டுதலிலேயே கழித்தவர். 1820 முதல் 1827 வரை சென்னை இராசதானியின் கவர்னராய் விளங்கிய ஸர் தாமஸ் மன்றோ துரையே அவர். உழவையே குலத்தொழிலாக உடைய நம்மவர் இல்லங்களில், தகரப் பெட்டியின் அடியில் மடித்து வைக்கப்பட்ட பட்டா என்னும் காகிதம் ஒன்று தலைமுறை தலைமுறையாய் இருந்து வருகின்றது. அக்காகிதத்தின் வரலாறு இவ்வெள்ளையரது வரலாற்றோடு பின்னிக் கிடத்தலின், இவரை அறிதல் நமக்குக் கடமையாகின்றது.

மன்றோ 1761-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் நாள் ஸ்காத்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தையார் அலெக்ஸாண்டர் மன்றோ, அமெரிக்காவிலுள்ள வர்ஜீனியா நாட்டோடு வாணிகம் நடத்திப் பொருள் ஈட்டியவர். மைந்தர் அந்நகரத்துப் பல்கலைக்கழகத்திற் கல்வி பயின்றார். இளமையில் வந்த மணல்வாரி நோயால் இவர்தம் செவிப்புலன் சிறிது குன்றிற்று. அக்குறை இறுதிவரை நீங்கவில்லை. குடிகளின் முறையீட்டைக் கேட்டலையே தொழிலாகக் கொண்டவருக்குக் காது மந்தமாயிருந்தது என்பது வியப்பே. டான் குவிக்ஸோட் என்னும் கதையை மூலமொழியிலேயே படிக்கவேண்டும் என்னும் ஆசையால், இலக்கணமும் அகராதியும் துணையாக ஸ்பானிய மொழியைத் தாமே கற்றுக்கொண்டார் என்பதும் இவரது இளமைச் செய்தி. ஆசிரியத் தொழில் செய்யும் நமக்கு இதுவே மிகவும் இனிக்கின்றது.

அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்த போரினால் தந்தையாரின் வாணிகம் நொடித்தது; செல்வக்குடி வறுமையுற்றது. கிழக்கிந்தியக் கம்பெனியாரின் படையில் இளம் சேவகராய்ச் சேர்ந்து, 1780-ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் மன்றோ சென்னையில் வந்திறங்கினார். அப்போது அவருக்கு அகவை பதினெட்டு. கரையேறிய சின்னாட்களிலேயே, ஏவலாளனாய் வந்தமர்ந்த ஒருவன், சீமையுடை இந்நாட்டுக்கு ஒவ்வாது, மாற்றித் தைத்து வருவேன் என்று நயமாகச் சொல்லி, உடைகளையும் கைப்பொருளையும் பெற்றுக்கொண்டு சென்றவன் மீண்டிலன். பிற்காலத்தில் நாடாண்டவருக்கு நம் பட்டினம் செய்த முதல் உபசாரம் இது!

அவ்வாண்டிலேயே ஐதர் அலி கருநாடகத்தின் மேற் படையெடுத்து வந்தார். செப்டம்பர் மாதம் 10-ஆம் நாள் காஞ்சிக்கு அணித்தான பொள்ளிலூரில் பெய்லி என்பாரின் படை முற்றும் அழிந்தது. அப்படைக்குத் துணை செய்ய வந்து காஞ்சியில் தங்கியிருந்த தலைவர் ஹெக்டர் மன்றோ, பெரும் பீரங்கிகளைக் கோயிற் குளத்தில் எறிந்துவிட்டுப் பின்வாங்கினார். இத்தலைவருக்கும் நம் மன்றோவுக்கும் பெயரொற்றுமையே அன்றி உறவில்லை. இளைஞர் மன்றோ அப்பின்வாங்கிய படையில் ஒருவராய் இருந்து, தொண்டைநாட்டின் ஊர்கள் எரிந்தும் பாழ்பட்டும் கிடந்த நிலையைக் கண்ணாரக் கண்டார். போர் 1784 வரை நீண்டது. அதன்பின் சில ஆண்டுகள் சிறு சம்பளத்தில் வறிய வாழ்க்கை. தலையணை என்பதொன்று இல்லாமல், நூலையோ தோட்டாப் பையையோ தலைக்கு வைத்து உறங்கியதாகத் தம் உடன்பிறந்தாளுக்கு எழுதியுள்ளார். அச்சிறு வருவாயிலும் பெற்றோருக்குப் பொருள் அனுப்பத் தவறவில்லை. இக்காலத்தில் இந்துஸ்தானியும் பாரசீகமும் முயன்று கற்றார்.

மைசூரோடு நிகழ்ந்த மூன்றாம் போர் 1792-இல் முடிவுற்றபோது, திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த நாடுகளுள் பாராமகால் ஒன்று. இன்றைய தருமபுரி, கிருட்டினகிரிப் பகுதிகளே அவை. அந்நாட்டை நிருவகிக்க நாட்டு மொழியறிந்த கம்பெனி உத்தியோகஸ்தர் கிடைப்பது அரிதாயிற்று. ஆகவே காரன்வாலிஸ் பிரபு, படைத்தலைவராகிய அலெக்ஸாண்டர் ரீட் என்பவரைத் தேர்ந்து, அவருக்கு உதவியாகப் படைவீரர் மூவரை அமர்த்தினார். அம்மூவருள் ஒருவர் மன்றோ. வாள் பிடித்த கை அன்றுமுதல் நிலவளவுச் சங்கிலியைப் பிடித்தது. தருமபுரியில் ஒரு வீடு கட்டித் தோட்டமும் வைத்து ஏழாண்டு வாழ்ந்தார். பின்னர் எவ்விடஞ் சென்றும் அவ்வூரை மறந்தாரில்லை.

இங்கே நிலவரி முறைகளைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். வங்காளத்தில் காரன்வாலிஸ் பிரபு 1793-இல் நிலையான ஜமீன்தாரி முறையை ஏற்படுத்தினார். அம்முறைப்படி சர்க்காருக்குப் பொறுப்பாளி ஜமீன்தாரே. அவர் ஆண்டுதோறும் குறித்த தொகையைக் கட்டிவிட்டால், அவருக்குக் கீழுள்ள குடியானவன் எவ்வளவு கொடுத்தான், உண்டானா, ஓடிப்போனானா என்பதைச் சர்க்கார் கேட்பதில்லை. அரசாங்கப் புத்தகத்தில் அவன் பெயரே இராது. ரீட் துரையோ பாராமகாலில் ஊர் ஊராய்ச் சென்று நிலங்களை அளப்பித்துத் தரம் பிரித்து, 1796-ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு குடியானவனோடும் நேரே கணக்கு முடிக்கும் வழியை வகுத்தார். உழுகின்றவன் பெயர், அவன் உழும் நிலம், அதற்குரிய தீர்வை ஆகிய மூன்றும் எழுதப்பெறும். அவன் ஆண்டுதோறும் தான் விரும்பிய நிலத்தை வைத்துக்கொள்ளலாம், இயலாததை விட்டுவிடலாம். இதுவே இரயத்துவாரி முறை. இம்முறைக்குத் தந்தை ரீட் என்றே கூறவேண்டும். மன்றோ தொடக்கத்தில் அவரோடு சில செய்திகளில் மாறுபட்டுப் பின்னர் அம்முறையைத் தமதாக்கிக் கொண்டவர். உலகம் தந்தையை மறந்து, வளர்த்தவரையே போற்றுகின்றது.

1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின், மைசூர் நாட்டைப் பங்கிடும் குழுவின் செயலாளர்களுள் ஒருவராயிருந்து, பின்பு கன்னடக் கரைநாட்டுக்குக் கலெக்டராய்ச் சென்றார். அந்நாட்டு ஓயாமழை அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் குடிகளின் நிலவுரிமை பற்றிய பழங்கணக்குகளை அங்கே கண்டு கற்றது மிகுதி. 1800-ஆம் ஆண்டு ஐதராபாத் நிஜாம் கம்பெனியாருக்கு விட்டுக்கொடுத்த பல்லாரி, கடப்பை, அனந்தபுரம் முதலிய நாடுகளுக்குத் தலைமைக் கலெக்டரானார். இவ்வேழாண்டுகளே இவர் வாழ்வின் நடுநாயகம்.

அந்நாட்டில் பாளையக்காரர் எண்பதின்மர் இருந்தனர். ஒவ்வொருவரும் தத்தம் கோட்டையில் அரசராய், தத்தம் ஆட்களை வைத்துக்கொண்டு வழிப்பறியும் நடத்திவந்தனர். மன்றோ படைகொண்டு அவர்களை அடக்கினார். சிலருக்கு உதவிச் சம்பளம் ஏற்படுத்தினார். சிலரை நாட்டை விட்டே அகற்றினார். அவரது கைக்கடுமையைச் சீமையிலிருந்த கம்பெனித் தலைவர்களே கண்டித்தார்கள் என்றால், அஃது எத்தகையதென நாம் உய்த்துணரலாம். குடிகளுக்கு இவர் மென்மையர். குறுநிலத் தலைவர்க்கு அங்ஙனம் அல்லர்.

ஆனால் அவர் குடிகளிடம் சென்ற முறையோ தனித்தன்மை வாய்ந்தது. முதல் நான்காண்டுகள் அவருக்கு வீடென்பதே இல்லை, கூடாரமே வீடு. ஆயுதம் தாங்கிய காவலர் உடன்வரின் குடியானவர் அஞ்சி ஓடுவர், அல்லது உண்மை சொல்லார் எனக் கருதிக் காவலின்றியே ஊர்தோறும் சென்றார். சாவடியிலும் மரத்தடியிலும் அமர்ந்து, கர்ணமும் மணியக்காரரும் கூட்டிக் கழித்த கணக்கைக் குடியானவன் வாய்மொழியோடு ஒத்துப் பார்த்தார். காது மந்தமாதலின் சொன்னதை மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்டிருப்பார் என்று நாம் எண்ணுகின்றோம். கணக்குக் கேட்பவர்க்கு அதுவும் ஒரு நன்மையே. 1802-இல் நில அளவை தொடங்கிற்று. நஞ்சை, புஞ்சை, தோட்டக்கால் என நிலங்கள் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு வயலுக்கும் தீர்வை விதிக்கப்பட்டது. இவர் இருந்த ஏழாண்டில் அந்நாட்டு வருவாய் ஏறத்தாழ ஒன்றரை மடங்காய் உயர்ந்தது.

இவ்விடத்தில் ஒருவர் நம்மைக் கேட்கலாம்: வருவாயை ஒன்றரை மடங்கு ஆக்கியவரைக் குடிகளின் நண்பர் என்பது யாங்ஙனம்? கேள்வி நியாயமானதே. இதற்கு விடை 1807-ஆம் ஆண்டில் அவரே எழுதியனுப்பிய விண்ணப்பத்தில் இருக்கின்றது. தாம் விதித்த தீர்வை மிகையானது என்று அவர் அதில் ஒப்புக்கொண்டார். விளைவில் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பத்தைந்து பங்கு சர்க்காருக்குப் போய்விடின், உழுகின்றவனுக்கு நிலத்தின்மேற் பற்று உண்டாகாது, நிலத்துக்கு விலையும் உண்டாகாது, மூன்றில் ஒரு பங்கே சர்க்கார் கொள்ளத்தக்கது என்பது அவர் துணிபு. ஆகவே எல்லா நிலத்துக்கும் நூற்றுக்கு 25 வீதமும், கிணறு வெட்டியும் ஏற்றம் இறைத்தும் பாடுபடும் தோட்டக்கால்களுக்கு அதற்கு மேலும் 8 வீதமும் குறைக்கவேண்டும் என்று எழுதினார். தாம் தண்டிய வரியைத் தாமே மிகையென்று சொல்லும் கலெக்டரை நாம் வேறெங்குக் காண்போம்?

மேலிடத்தார் அதனை ஏற்றாரில்லை. பணமுடை என்றார்கள். மன்றோ 1807-இல் விடுமுறை பெற்றுக் கப்பலேறியவுடன், அவர் வகுத்த முறையையே நீக்கி, ஊர்களைக் குத்தகைக்கு விட்டார்கள். முதலில் மூன்றாண்டு, பின்னர்ப் பத்தாண்டு. குத்தகை எடுத்தவர் பலர் கெட்டனர். அவர் கீழிருந்த குடிகளும் கெட்டனர். பாராமகாலிலும் நம் செங்கற்பட்டு ஜாகீரிலும் நிகழ்ந்ததும் இதற்குத் தாழ்ந்ததன்று. பூந்தமல்லி உள்ளிட்ட நம் பக்கத்து ஊர்கள் அடங்கிய ஜாகீர் நாட்டை 1802-இல் மிட்டாக்களாகத் துண்டாடி ஏலத்தில் விற்றார்கள். மிட்டாதார்களுட் பலர் கிஸ்தி கட்டமாட்டாமல் மிட்டாவை இழந்தனர்.

மன்றோ சீமையில் சில ஆண்டுகள் இருந்தார். சும்மா இருந்தாரல்லர். 1813-இல் கம்பெனியாரின் உரிமைப்பத்திரம் புதுப்பிக்கப்படுங்காலத்துப் பார்லிமெண்டின் முன்னே சான்று கூறினார். நம் நாட்டாரின் உழவையும் கைத்தொழிலையும், ஊர்தோறும் இருந்த பள்ளிகளையும், விருந்தோம்பலையும் எடுத்துரைத்து, நாகரிகம் என்பது கப்பலில் ஏற்றி விற்கும் சரக்காய் இருந்தால், இரு நாட்டுக்கும் இடையே நடக்கும் அவ்வாணிபத்தில் ஊதியம் அடைவது இங்கிலாந்தே என்னும் கருத்துப்படப் பேசினார். ஆளவந்த இனத்தார் ஒருவர் தம் நாட்டு மன்றத்திலேயே இவ்வாறு கூறியது சிறிய செய்தி அன்று. 1814-இல் ஜேன் காம்பெல் என்னும் நங்கையை மணந்துகொண்டு, அவ்வாண்டிலேயே நீதிமுறைகளைச் சீர்திருத்தும் குழுவின் தலைவராய்ச் சென்னைக்கு மீண்டார். 1816-ஆம் ஆண்டுச் சட்டங்கள் இவர் முயற்சியின் பயனாகும். ஊர் மணியக்காரருக்குச் சிறு வழக்குகளைத் தீர்க்கும் முன்சீப் அதிகாரமும், பஞ்சாயத்தாருக்குச் சட்ட மதிப்பும், நம் நாட்டார்க்கு ஜில்லா முன்சீப் பதவியும் அவற்றால் வந்தன. 1817, 1818-ஆம் ஆண்டுகளில் மராட்டியரோடு நடந்த போரில் மீண்டும் வாளேந்தி, பாதாமி, பெல்காம், சோலாப்பூர்க் கோட்டைகளைக் கைப்பற்றியதும் உண்டு. அப்போர்க்கதை நமக்கு வேண்டுவதன்று.

1819-இல் தாயகம் சென்றவர் ஸர் பட்டம் பெற்றார். 1820-ஆம் ஆண்டு சூன் மாதம் 10-ஆம் நாள் சென்னைக் கவர்னராய்ப் பதவி ஏற்றார். பதினெட்டு அகவையில் உடையையும் பணத்தையும் பறிகொடுத்து நின்ற அதே பட்டினத்தில், நாற்பதாண்டு கழித்துக் கோட்டைக்குத் தலைவராய் வந்தார். வந்தவர் செய்த முதற்பெருஞ் செயல்களுள் ஒன்று, பதின்மூன்று ஆண்டுக்கு முன் தாம் கேட்டு மறுக்கப்பட்ட வரிக்குறைப்பைத் தாமே ஆணையிட்டு நிறைவேற்றியதாகும். பல்லாரி, கடப்பை நாடுகளில் நூற்றுக்கு 25 வீதமும், தோட்டக்கால்களுக்கு நூற்றுக்கு 33 வீதமும் தீர்வை குறைந்தது. இரயத்துவாரி முறை இராசதானியின் பொது முறையாயிற்று. குமணனைப் போல் வாரி வழங்கவில்லை. வாங்கும் கையைச் சிறிது சுருக்கினார். உழவனுக்கு இதுவும் கொடையே.

ஆயினும், இம்முறையின் குறைகளை மறைத்து எழுதுதல் நமக்கு அழகன்று. மன்றோ குறைத்த பின்னும் வரி பலவிடங்களில் தாங்கொணாததாகவே இருந்தது. அவர் இறந்து இருபத்தெட்டாண்டு கழித்து, 1855-இல் வெளிவந்த சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை, வரி தண்டுவதற்காகக் குடியானவரை அண்ணாந்தாள் பூட்டியும் கிட்டி போட்டும் வருத்திய செய்திகளை உலகறியச் செய்தது. ஜமீன்தார் இல்லாத இடத்தில் சர்க்காரே ஜமீன்தாராய் நின்றது போலும்.

இதனினும் பெரியதொரு குறை உண்டு. பட்டாவில் எழுதப்பட்டது நிலத்துக்கு உடையவன் பெயரே அன்றி, அந்நிலத்திற் சேற்றில் நின்று உழைத்த பண்ணையாளின் பெயரன்று. நம் செங்கற்பட்டு நாட்டில் மிராசுதார்களுக்குத் தரிசு நிலத்தின்மேலும் முந்துரிமை இருந்தமையின், உழைத்த ஏழை தனக்கென ஒரு காணி கேட்டாலும் கிடைப்பது அரிதாயிற்று. 1891-இல் அக்கால ஜில்லாக் கலெக்டராயிருந்த திரமென்ஹீர் என்பார் எழுதிய அறிக்கையின் பின்னரே, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் வழங்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றும் வழங்குவது அதுவே. பட்டாவைப் பெருமையோடு பெட்டியில் வைத்திருக்கும் நம் குலத்தார், அதில் எழுதப்படாத பெயர்களையும் நினைத்தல் நேர்மையாகும். இதனை இப்பத்திரிகையில் எழுதுவது சிலருக்குக் கசக்கலாம். மன்றோ தம் கணக்கைத் தாமே பிழையென்றார். நாம் நம் கணக்கைத் திருப்பிப் பார்க்க ஏன் கூசவேண்டும்?

இனி, நம் தொழிலுக்கு நெருங்கிய செய்திக்கு வருவோம். 1822-ஆம் ஆண்டு சூன் மாதத்தில், மன்றோ எல்லாக் கலெக்டர்களுக்கும் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை பள்ளிகள் உள்ளன, எத்தனை மாணாக்கர், அவர் எவ்வெக் குலத்தினர், ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று எண்ணி அனுப்புக என்பதே அவ்வாணை. அறிக்கைகள் வந்து சேர மூன்றாண்டுக்கு மேலாயிற்று. அவற்றைத் தொகுத்து 1826-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 10-ஆம் நாள் மன்றோ எழுதிய குறிப்பின்படி, இராசதானியில் 12,498 பள்ளிகள் இருந்தன; மக்கள்தொகை 12,850,941. ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி! பள்ளி செல்லும் பருவத்துச் சிறுவருள் நால்வரில் ஒருவர் பள்ளியிற் பயின்றனர். வீட்டிற் கற்பவரையும் கூட்டினால் மூவரில் ஒருவர் என்றே கொள்ளலாம் என அவர் கணித்தார். பெண்மக்கள் கல்வியோ மிகச் சிறிது.

இவ்வறிக்கைகளைத் தரம்பால் என்னும் ஆராய்ச்சியாளர் தொகுத்து 1983-இல் நூலாக்கினார். அதனைப் படித்தபோது நாம் பெற்ற வியப்பு பெரிது. பழங்காலத்திலே கல்வி ஒரு குலத்தாருக்கே உரியதாயிருந்தது என்று நாமும் நம் மாணாக்கருக்குச் சொல்லி வந்தோம். வடமொழிக் கல்வியைப் பற்றிய அளவில் அது பெரும்பாலும் உண்மையே. ஆனால் தமிழ் ஜில்லாக்களின் திண்ணைப் பள்ளிகளிலே, கணக்கிற் சூத்திரர் என்றும் பிற சாதியார் என்றும் எழுதப்பட்ட பிள்ளைகள், சேலம், திருநெல்வேலி ஜில்லாக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ எழுபதும், தென்னார்க்காட்டில் எண்பத்து நான்குக்கு மேலும் இருந்தனர். உழவர், கைத்தொழிலாளர் மக்கள் எழுத்தறியாதவர் என்பது அக்காலத்துக்கு ஒவ்வாது. மணலில் விரலால் எழுதி, எண்சுவடியை மனப்பாடஞ் செய்து, மூத்த மாணாக்கன் இளையோனுக்குக் கற்பிக்கும் முறை அது. எழும்பூரில் இருந்த ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார் அம்முறையைக் கண்டு இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றமையின், அங்கே அது மதராஸ் முறை என்று பெயர் பெற்றது.

ஆனால் அத்திண்ணைப் பள்ளிகள் தேய்ந்துகொண்டிருந்தன. பல்லாரிக் கலெக்டர் காம்பெல் 1823-இல் எழுதிய அறிக்கை, சீமைத்துணி வந்து நெசவாளர் பிழைப்புக் கெட்டதாலும், நாட்டின் செல்வம் வெளியே செல்வதாலும், முன்னே பள்ளிக்கு அனுப்பிய பெற்றோர் இப்போது பிள்ளைகளைக் கூலி வேலைக்கு அனுப்புகின்றனர் என்று ஒளிக்காமற் சொல்லிற்று. ஆசிரியரின் வருவாயோ இரங்கத்தக்கதாய் இருந்தது. ஆகவே மன்றோ ஒரு திட்டம் வகுத்தார். ஜில்லாவுக்கு இரண்டாக 40 பெரிய பள்ளிகள். தாசில்தார் வட்டத்துக்கு ஒன்றாக 300 பள்ளிகள். பெரிய பள்ளி ஆசிரியருக்கு மாதம் 15 ரூபாய், வட்டப் பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாய் சர்க்கார் சம்பளம். ஆசிரியனுக்குச் சம்பளம் கொடாமற் கல்வி வளராது என்று கோட்டையில் இருந்துகொண்டு ஒரு கவர்னர் எழுதினார் என்பதைப் படிக்கும்போது, ஒன்பது ரூபாயாயினும் ஒன்பது ரூபாயே என்று நம் உள்ளம் குளிர்கின்றது. அத்திட்டம் அவருக்குப்பின் வாழவில்லை. வட்டப் பள்ளிகளில் நாலில் ஒரு பங்கும் எழவில்லை. 1836-இல் இருந்தவற்றையும் மூடிவிட்டார்கள். ஆங்கிலக் கல்வியைப் பற்றிய மெக்காலேயின் கொள்கை வென்ற காலம் அது.

1824-ஆம் ஆண்டு திசம்பர் மாதம் 31-ஆம் நாள் அவர் எழுதிய நீண்ட குறிப்பையும் ஈண்டுச் சொல்லவேண்டும். இந்நாட்டாரை உயர்பதவிகளினின்றும் விலக்கி வைத்தல் அவர்தம் ஒழுக்கத்தையே தாழ்த்தும், நம்பிக்கை வைத்தாலன்றி மனிதர் நம்பத்தக்கவர் ஆகார், இந்நாட்டார் தம்மைத் தாமே ஆளும் தகுதி எய்துங்காலம் வரும், அப்போது ஆங்கிலேயர் விலகிச் செல்லுதலே இரு திறத்தார்க்கும் நன்மை என்பன அதன் கருத்துக்கள். இவ்வளவு எழுதியவரே, 1822-இல் பத்திரிகைகளுக்கு இந்நாட்டிற் சுதந்திரம் கொடுத்தல் ஆகாது என்றும் எழுதினார். பத்திரிகையில் எழுதும் நாம் அதனை மன்னிக்க இயலவில்லை. ஆனால் மறைக்கவும் இயலவில்லை.

தெலுங்கு நாட்டு மக்கள் இவரைப் பற்றி வழங்கும் கதைகள் பல. மந்திராலயத்து மடத்தின் நிலவரி பற்றி விசாரிக்கச் சென்றபோது, பிருந்தாவனத்தின் முன்னே இராகவேந்திர சுவாமிகள் இவருக்குக் காட்சி கொடுத்துப் பேசினார், உடன் நின்றோர் கண்ணுக்கு அவர் தோன்றவில்லை என்பது ஒன்று. திருமலையில் நைவேத்தியப் பொங்கல் வைக்கும் பெருங்கலத்துக்கு மன்றோ கங்காளம் என்று பெயர். வயிற்றுநோய் தீர்ந்தமைக்கு நன்றியாக இவர் அதனை ஏற்படுத்தினார் என்பர். கடப்பை ஜில்லாக் கண்டி என்னும் மலையிடுக்கில், இரு மலைக்கும் இடையே கட்டிய பொற்றோரணம் இறப்பவர் கண்ணுக்கே புலப்படும். அது மன்றோவுக்குப் புலப்பட்டது என்பது மற்றொன்று. இவற்றை வரலாறு என்று நாம் எழுதவில்லை. ஆனால் வரி தண்ட வந்த வேற்று நாட்டானைத் தம் சுவாமிகளோடு பேசவைத்த மக்கள், அவனைத் தம்மவனாகக் கருதினர் என்பதில் ஐயமில்லை. பிள்ளைகளுக்கு இவர் பெயரை இட்டவரும் உண்டு.

மன்றோ 1823-ஆம் ஆண்டிலேயே பதவியை விட்டுச் செல்ல விரும்பினார். பர்மா தேசத்தோடு 1824-இல் போர் மூண்டமையால், சென்னைப் படைகளை அனுப்பும் பொறுப்பு வந்து தடுத்தது. 1826-இல் மனைவியார் நோயுற்ற இளைய மகனுடன் தாயகம் சென்றார். தமக்குப்பின் வருபவர் வந்து சேருமுன், தாம் ஏழாண்டு வாழ்ந்த நாட்டை ஒருமுறை கண்டு விடைபெறவேண்டும் என்னும் வேட்கையால், 1827-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் மன்றோ புறப்பட்டார். வேனிற் காலம், வழியில் வாந்திபேதி பரவியிருந்தது. உடன்சென்ற பரிவாரத்திலும் அந்நோய் புகுந்தது. கூத்தி என்னும் ஊரைக் கடந்து, கர்நூலைச் சார்ந்த பத்திகொண்டாவில் தங்கியபோது, சூலை மாதம் 6-ஆம் நாட் காலையில் நோய் இவரைப் பற்றிற்று. அன்றிரவே உயிர் பிரிந்தது. அகவை அறுபத்தாறு.

உடலைக் கூத்திக்குக் கொண்டுவந்து அடக்கஞ் செய்தார்கள். 1831-இல் அங்கிருந்து எடுத்துச் சென்னைக் கோட்டையிலுள்ள மேரிமாதா ஆலயத்தில் அடக்கினார்கள். மக்களிடம் திரட்டிய பொருளால், சாண்ட்ரி என்னும் சிற்பியார் வார்த்த குதிரைமேலிருக்கும் வெண்கலச் சிலை 1839-இல் நிறுவப்பட்டது. தீவுத்திடலில் இன்றும் நிற்கும் அச்சிலையில் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. சிற்பியார் மறந்தார் என்று ஊரார் கதை கட்டிச் சிரிப்பர்.

கூத்தியில் இவர் நினைவாகச் சத்திரம் ஒன்று கட்டினார்கள். பத்திகொண்டாவில், உயிர் நீத்த இடத்தருகே, சர்க்கார் செலவில் ஒரு தோப்பு வைத்து, கற்படி அமைத்த கிணறு ஒன்றும் வெட்டினார்கள். வழிப்போக்கர் நிழலில் இருந்து நீர் பருகிச் செல்வதற்காக அவ்விடம் ஏற்பட்டது.